குதி உயர்ந்த காலணியும் பாத நலமும்

ஜப்பானிய மொழியில் 'குட்சு' என்றால் காலணி என்று பொருள். அச்சொல்லின் ஈற்றைச் சற்று நீட்டிக் 'குட்சூ' என்று ஒலித்தால் வேதனை என்று பொருள். ஓர் உயிரெழுத்தின் நீட்சியே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யுமி இஷிகாவா என்னும் ஜப்பானியப் பெண்மணி தொடங்கிய ஓர் இயக்கத்துக்கு இந்த ஒலியொற்றுமையைக் கொண்டே பெயர் அமைந்தது. பணிபுரியும் பெண்கள் குதி உயர்ந்த காலணியையே அணிதல் வேண்டும் என்று எந்த நிறுவனமும் விதிக்கலாகாது என்பது அவ்வியக்கத்தின் வேண்டுகோள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், 18,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஜப்பானிய அரசின் தொழிலாளர் நல அமைச்சகத்திடம் அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஜப்பான் ஏர்லைன்ஸ் நிறுவனம், தன் விமானப் பணிப்பெண்களுக்கு விதித்திருந்த அக்கட்டாயத்தை நீக்கிவிட்டது.

காலணியும் வேதனையும் அருகருகே இருப்பது ஜப்பானிய மொழியில் மட்டுமன்று. 'ஹை ஹீல்ஸ்' என்று நாம் வழங்கும் குதி உயர்ந்த செருப்பை அணிந்து, ஒரு திருமண வரவேற்பில் மூன்று மணி நேரம் நின்றவரைக் கேட்டால் அவரும் இதனையே கூறுவார். ஆயினும் அவ்வேதனைக்கு என்ன செய்வது என்று கேட்டால், பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றனர். அழகு வேண்டுமானால் பொறுக்கத்தான் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொள்வோர் ஒரு சாரார். வலி தெரியாதிருக்க எதையேனும் பூசிக்கொள்வோர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் சரியான வழியல்ல. எங்கே வலிக்கிறது, ஏன் வலிக்கிறது என்று அறிந்துகொண்டால், அதனைத் தணிக்கும் வழி தானே புலப்படும். அதனை ஒருவாறு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

குதி உயர்ந்த காலணி நடப்பதற்காகத் தோன்றியதன்று என்பது பலர் அறியாத செய்தி. பாரசீக நாட்டுக் குதிரை வீரர்கள், சேணத்தின் கால்மிதியாகிய அங்கவடியிலிருந்து கால் வழுவாதிருக்கும் பொருட்டுக் குதி வைத்த காலணியை அணிந்தனர். 17-ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் ஐரோப்பிய ஆடவரிடையே பரவிற்று. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி செந்நிறக் குதி வைத்த காலணியுடன் பெருமிதமாக நிற்கும் ஓவியம் 1701-ஆம் ஆண்டில் தீட்டப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் ஆடவர் அதனைக் கைவிட்டனர். அது பெண்டிரின் அணியாக நிலைத்தது. 1950-களில் குதியினுள்ளே உலோகத் தண்டைப் பொருத்தும் முறை பரவிய பிறகு, பென்சில் போல் மெலிந்த 'ஸ்டிலெட்டோ' குதி உலகெங்கும் புகழ் பெற்றது. குதிரை மேல் அமர்ந்தவனுக்கு உதவிய ஒரு பொருளைத் தரைமேல் நடப்பவர் அணிந்துகொண்டனர்; தொல்லையின் வேர் அங்கே இருக்கிறது.

இனி, பாதத்தின் அமைப்பைச் சற்று நோக்குவோம். நம் உடலில் உள்ள எலும்புகள் 206. அவற்றுள் 52, அதாவது நான்கில் ஒரு பங்கு, நம் இரண்டு பாதங்களில் அமைந்துள்ளன. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள், 33 மூட்டுகள், அவற்றைப் பிணைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட நார்கள் உள்ளன. இவையெல்லாம் சேர்ந்து, கல்லால் கட்டிய பாலத்தின் வளைவு போன்ற ஓர் அமைப்பை உண்டாக்குகின்றன. வெறுங்காலுடன் சமதரையில் நிற்கும்போது, உடலின் எடையில் பாதிக்கு மேற்பட்டதைக் குதிகால் ஏற்றுக்கொள்கிறது. அதற்கென்றே இயற்கை அங்கே பெரியதோர் எலும்பையும், அதன் கீழே கொழுப்பாலான தடித்த மெத்தையையும் வைத்திருக்கிறது. விரல்களுக்குப் பின்னால் உள்ள முன்பாதமோ சிறிய எலும்புகளின் வரிசை. அடியெடுத்து வைக்கும்போது உடலை முன்னே உந்தித் தள்ளுவது அதன் தொழில். நாள் முழுதும் சுமை தாங்குவதற்கு அது அமைந்ததன்று.

குதியை உயர்த்தும்போது நிகழ்வது என்ன? இதனை அறியப் பள்ளியில் பயின்ற கோணக் கணிதமே போதும். குதிகாலின் நடுவிலிருந்து முன்பாதம் வரை உள்ள நீளம் சுமார் 6 அங்குலம் என்று கொள்வோம். குதியின் உயரம் 1 அங்குலமானால் பாதத்தின் சரிவு ஏறத்தாழ 10 பாகை. 2 அங்குலமானால் ஏறத்தாழ 20 பாகை. 3 அங்குலமானால், உயரம் நீளத்தில் சரிபாதியாகிவிடுகிறது. சரிவு 30 பாகை ஆகிறது. வீட்டு மாடிப்படிகளின் சரிவும் பெரும்பாலும் இதனைவிடச் சற்றே மிகுதியானது. மாடிப்படியின் மேல் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு, அதன்மேல் கீழ்நோக்கி நின்றுகொண்டு நாள் முழுதும் வேலை செய்யுமாறு ஒருவரிடம் சொன்னால் அவர் இசைவாரா? 3 அங்குலக் குதி அணிந்த பெண் ஏறத்தாழ அதனைத்தான் செய்கிறாள். சரிவில் வைத்த பொருள் கீழே வழுக்கும். அவ்வாறே பாதமும் முன்னோக்கி வழுக்கி, காலணியின் கூரிய முனையில் விரல்களைக் கொண்டுபோய் நெருக்குகிறது. குதிகால் சுமந்த எடையும் முன்பாதத்தின் மேல் இறங்கிவிடுகிறது.

எடை இடம் மாறுவது ஒரு துன்பம். அது சிறிய பரப்பில் குவிவது மற்றொரு துன்பம். அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்து வரும் ஈவு என்பதை மாணவர்கள் அறிவீர்கள். 4,000 கிலோ எடையுள்ள ஒரு யானையை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் ஒரு பாதத்தின் பரப்பு 1,250 சதுர செ.மீ. என்றால், நான்கு பாதங்களுக்கும் 5,000 சதுர செ.மீ. ஆகவே ஒவ்வொரு சதுர செ.மீ. தரையின் மேலும் அது செலுத்தும் எடை 800 கிராம்தான். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண், நுனி 1 சதுர செ.மீ. மட்டுமே உள்ள குதியின் மேல் தன் எடையில் பாதியை ஊன்றினாலும், அங்கே 25 கிலோ இறங்குகிறது. இது யானையின் அழுத்தத்தைப் போல் முப்பது மடங்குக்கும் மேல்! மரத்தளங்களில் இத்தகைய குதிகள் குழி விழச் செய்வதன் காரணம் இதுவே. தரைக்கு நேரும் இக்கதியே, வேறு முறையில், முன்பாதத்துக்கும் நேர்கிறது. அங்கே தோல் தடித்துக் காய்ப்பும் கால் ஆணியும் உண்டாகின்றன. எலும்புகளுக்கு இடையே செல்லும் நரம்பு நெரிபட்டு, விரல்களில் எரிச்சலும் மரமரப்பும் தோன்றுகின்றன.

சரிவோடு சேர்ந்து துன்பம் தருவது காலணியின் குறுகிய முனை. குதியே இல்லாவிட்டாலும் குறுகிய முனை மட்டும் பாதத்தைக் கெடுக்க வல்லது என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று கிடைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் நகரத்துப் பழைய இடுகாடுகளில் கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்த அறிஞர்கள், 2021-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோருள் 6 விழுக்காட்டினருக்கே பெருவிரல் உட்புறமாகச் சாய்ந்து, அதன் அடிமூட்டு புடைத்திருந்தது. 14, 15-ஆம் நூற்றாண்டினருள் அத்தகையோர் 27 விழுக்காடு. இடையே நிகழ்ந்த மாறுதல் என்ன? நீண்டு கூரிய முனையுடைய காலணி அணியும் நாகரிகம் அந்நாளில் பரவியிருந்தது. ஆடவரும் அதனை விரும்பி அணிந்தனர். பெருவிரல் சாய்ந்தவர்களிடையே, விழுந்து எலும்பு முறிந்ததன் அடையாளங்கள் மிகுதியாகக் காணப்பட்டன என்பதும் அவ்வாராய்ச்சியின் முடிவு. பிறந்தபோது எவருக்கும் பாதம் கூர்மையாக இருப்பதில்லை. காலணியின் வடிவத்துக்குப் பாதத்தை இணங்க வைத்தால், நாளடைவில் எலும்பே வளைந்து கொடுத்துவிடுகிறது.

துன்பம் பாதத்தோடு நின்றுவிடுவதில்லை. குதிகால் எப்போதும் தூக்கியே நிற்பதால், கெண்டைக்காலின் தசை சுருங்கிய நிலையிலேயே பழகிவிடுகிறது. 2 அங்குலமும் அதற்கு மேலும் உயர்ந்த குதியை ஆண்டுக்கணக்காக அணிந்துவந்த பெண்களைச் சோதித்து 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், அவர்களுடைய கெண்டைக்கால் தசையிழைகள் பிறருடையவற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறுகியிருந்தமை தெரிய வந்தது. தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் தடித்து இறுகியிருந்தது. அத்தகையோர் திடீரென்று தட்டையான செருப்புக்கு மாறினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து வலிப்பது இதனாலேதான். 1998-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, குதி உயர்ந்த காலணியுடன் நடக்கும்போது முழங்காலின் மேல் விழும் முறுக்கு விசை, வெறுங்காலுடன் நடப்பதைவிடச் சராசரியாக 23 விழுக்காடு மிகுதி என்று காட்டிற்று. பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்த நிலையில் கணுக்கால் மூட்டின் எலும்புகளும் இறுகப் பொருந்தாமல் சற்றுத் தளர்ந்திருக்கின்றன. ஒரு சிறு கல் தட்டுப்பட்டாலும் கால் பிசகிவிடுவது அதனால்தான்.

காரணங்களை அறிந்தோம். இனிப் பரிகாரங்களைக் காண்போம். பரிகாரம் கடையிலேயே தொடங்க வேண்டும். காலையைவிட மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆதலால் மாலை வேளையில் காலணி வாங்குவதே நலம். அளவு பார்க்கும்போது உட்காராமல் நின்றுகொண்டு பார்த்தல் வேண்டும். இரண்டு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய பாதத்துக்குப் பொருந்துவதையே கொள்ளல் வேண்டும். நெடிய விரலுக்கு முன்னே ஒரு செ.மீ. அளவேனும் இடம் எஞ்சியிருத்தல் நன்று.

எளிய சோதனை ஒன்றையும் சொல்கிறேன். ஒரு வெள்ளைத் தாளின் மேல் வெறுங்காலை ஊன்றி நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்துகொள்ளுங்கள். அக்கோட்டின் மேல் காலணியை வையுங்கள். காலணிக்கு வெளியே எவ்வளவு கோடு தெரிகிறதோ, அவ்வளவு பாதம் உள்ளே நசுக்கப்படும். இச்சோதனையை வீட்டில் உள்ள பழைய காலணிகளைக் கொண்டும் செய்து பார்க்கலாம்.

நாள்தோறும் அணிவதற்கு 2 அங்குலத்துக்குக் குறைந்த குதியே ஏற்றது. அதனினும் உயர்ந்ததை என்றேனும் ஒருநாள், சில மணி நேரம் அணிவதோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்பாதத்தின் கீழும் தடித்த அடி வைத்த காலணியில் உயரத்தைக் கணக்கிடும் முறை வேறு. குதி 4 அங்குலம், முன்னடி 1 அங்குலம் என்றால், பாதம் உணரும் உயரம் 3 அங்குலம்தான். ஆனால் அத்தகைய அடி வளையாது. கால் பிசகினால் விழும் உயரமும் மிகுதி. ஊசிக் குதியைவிட அகன்ற குதி உறுதியாக நிற்கும்; கணுக்காலுக்குப் பாதுகாப்பானது. எனினும் அகன்ற குதியும் உயர்ந்திருந்தால் முழங்காலின் சுமை குறைவதில்லை என்று 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. கணுக்காலைச் சுற்றி வார் உள்ள காலணி, பாதம் முன்னே வழுக்குவதைத் தடுக்கும். கழன்றுவிடாதிருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும் தொல்லையும் அதனால் நீங்கும்.

அடுத்து, காலணியினுள் வைக்கும் மெத்தைகள். முன்பாதத்தின் கீழே வைக்கும் மென்மையான மெத்தை, அழுத்தத்தை அகன்ற பரப்பில் பரப்பிவிடுகிறது. யானையின் பாதம் கற்பிக்கும் பாடம் இதுவே. சிறிய குமிழ் போன்ற மற்றொரு வகை மெத்தையும் உண்டு. இதனைப் பலர் வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வைத்துவிட்டு, வலி மிகுந்தது என்று குறை கூறுவர். அதனை வலிக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், பாதத்தின் வளைவு தொடங்கும் இடத்தில் வைத்தல் வேண்டும். அப்போதுதான் அது எலும்புகளைச் சற்றே உயர்த்தி, அவற்றின் நுனியில் விழும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். முன்னரே இறுக்கமாக உள்ள காலணியில் மெத்தை வைத்தால் இறுக்கம் இன்னும் மிகும் என்பதையும் மறத்தலாகாது.

கொப்புளத்துக்குக் காரணம் உராய்வும் ஈரமும். புதிய காலணியை முதல் நாளே நெடுநேரம் அணியாமல், வீட்டினுள் அரைமணி நேரம், ஒரு மணி நேரம் என்று அணிந்து பழக்குதல் வேண்டும். உராயும் என்று தெரிந்த இடத்தில், புறப்படும் முன்னரே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம். கொப்புளம் எழுந்துவிட்டால் அதனைக் கிள்ளிப் பிரித்தல் கூடாது. மேலுள்ள தோலே இயற்கை தந்த கட்டு. அதனைத் தூய துணியால் மூடிக் காப்பதே முறை.

அணிந்திருக்கும்போது கொள்ள வேண்டிய கவனமும் உண்டு. வீட்டிலிருந்து பேருந்து நிலையம் வரை, அங்கிருந்து பணியிடம் வரை தட்டையான செருப்பில் சென்று, உரிய இடத்தை அடைந்த பின் மாற்றிக்கொள்ளலாம். ஒரு பையில் ஒரு சோடிச் செருப்பு பெருஞ்சுமையன்று. நீண்ட அடி வைக்காமல் சிற்றடி வைத்து நடத்தல் நன்று. வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, விரல்களை அகல விரித்து அசைக்க வேண்டும்.

வீடு திரும்பிய பின் செய்யத்தக்க எளிய பயிற்சிகள் மூன்று. முதலாவது கெண்டைக்காலுக்கு உரியது. சுவரை நோக்கி நின்று, இரு கைகளையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, அதன் முழங்கால் மடங்காமலும் குதிகால் தரையை விட்டு எழாமலும் 30 நொடி நிற்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மும்முறை. இரண்டாவது, உட்கார்ந்துகொண்டு உள்ளங்காலின் கீழே ஒரு பந்தையோ குளிர்ந்த நீர் நிரம்பிய புட்டியையோ வைத்து முன்னும் பின்னும் உருட்டுதல். மூன்றாவது, தரையில் விரித்த துணியைக் கால்விரல்களால் சுருட்டிப் பிடித்து இழுத்தல். பிறகு கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துச் சற்று இளைப்பாறினால் வீக்கம் தணியும். நெடுநாள் பழக்கத்தை விட விரும்புவோர், உயரத்தை ஒரே நாளில் குறைக்காமல் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். குறுகிய தசை நீள்வதற்குக் காலம் தேவை.

மூன்றாம் விரலையும் நான்காம் விரலையும் நாடாவால் சேர்த்துக் கட்டினால் வலி வராது என்று ஒரு யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்படவும் கூடும். உணர்வை மரத்துப்போகச் செய்யும் மருந்தைப் பாதத்தில் பூசிக்கொண்டு விழாவுக்குச் செல்வது அதனினும் தீது. வீட்டில் தீப்பற்றியபோது கூவி எழுப்பும் காவலாளியின் வாயைப் பொத்துவது போன்றது அது. வலி நின்றுவிடும், நெருக்கமும் அழுத்தமும் நிற்கமாட்டா. நீரிழிவு உடையோருக்குப் பாதத்தின் உணர்ச்சி முன்னரே குறைந்திருக்கக்கூடும். காலணி கடித்த புண் அவர்களுக்குத் தெரியாமலேயே பெருகிவிடும். அவர்கள் இறுக்கமான காலணியை அறவே தவிர்த்து, நாள்தோறும் பாதத்தைப் பார்த்து வருதல் வேண்டும். ஓய்வெடுத்தும் சில வாரங்கள் நீங்காத வலி, விரல்களில் மரமரப்பு, ஊன்ற முடியாத வீக்கம் ஆகியவை தோன்றினால் எவராயினும் மருத்துவரைக் காண்பதே அறிவுடைமை.

மாணவ மாணவியரே! உங்களுள் சிலர் இன்னும் வளரும் பருவத்தினர். வளரும் எலும்பு எளிதில் வளையும். வேறு சிலர் நாளை விமானப் பணிக்கோ விடுதி வரவேற்புப் பணிக்கோ செல்லக்கூடும். அங்கே உங்கள் காலணியின் உயரத்தை மற்றொருவர் விதிக்க முற்படலாம். உலகம் இதில் சற்று விழித்துக்கொண்டிருக்கிறது. 2017-ஆம் ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலமும் பிலிப்பைன்ஸ் நாடும், பெண்களைக் குதி உயர்ந்த காலணி அணியுமாறு பணியிடங்கள் கட்டாயப்படுத்தலாகாது என்று விதி செய்தன. அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் இது விவாதிக்கப்பட்டது. விரும்பி அணிவது வேறு; விதித்து அணிவிப்பது வேறு. விரும்பி அணிவோர் மேற்கூறிய முறைகளைக் கையாண்டு துன்பத்தைக் குறைத்துக்கொள்ளலாம். விதிக்கு உட்பட்டு அணிவோர், அவ்விதி தம் முழங்காலுக்கும் முன்பாதத்துக்கும் என்ன செய்கிறது என்பதைக் கணக்கோடும் சான்றோடும் எடுத்துச் சொல்ல அறிந்திருத்தல் வேண்டும்.

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதா என்று நம் முன்னோர் கேட்டனர். இன்று வெட்டுவார் இல்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக வளைப்பவர் பலர். அடுத்த முறை கடைக்குச் செல்லுமுன், ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து உங்கள் பாதத்தின் உண்மையான வடிவத்தை வரைந்து பாருங்கள். வாங்கப்போகும் காலணி அக்கோட்டுக்குள் அடங்குகிறதா, அதனை மூடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.